குரலுக்கு வந்த வேங்கை

கிழக்கு வெளுத்தும் வெளுக்காமலும் இருந்த வைகறை நேரம். மலைத்தொடரின் தோள்களில் படுத்துக் கிடந்த வெண்பனி, எழுந்திருக்க மனமில்லாதவர் போர்வையை இழுத்து மூடிக்கொள்வதுபோல், பள்ளங்களை நோக்கி மெல்லச் சரிந்து, அங்கங்கே கரும்பாறைகளையும் அவற்றின் இடுக்கில் வேரூன்றிய குறுமரங்களையும் வெளியே காட்டிக்கொண்டிருந்தது. மலையிலிருந்து இறங்கிய சிற்றாறு, கோடையில் மெலிந்து, கூழாங்கற்களுக்கு நடுவே தயங்கித் தயங்கி ஓடி, நகரின் எல்லையில் ஒரு பாலத்தின்கீழ் நுழைந்து மறைந்தது. பாலத்துக்கு இப்பால் தெருவிளக்குகள் அணைய, கடைக்கதவுகள் திறக்க, துடைப்பம் பிடித்த பெண்கள் தத்தம் வாசலில் குனிந்து நிமிர, நகரம் தன் அன்றாடத்துக்கு ஆயத்தமாயிற்று. பாலத்துக்கு அப்பால், வீடுகள் முடிந்து புல்வெளி தொடங்கும் இடத்தில், ஆள் உயரத்தினும் மிக உயர்ந்த மதில் சூழ்ந்த ஒரு வளாகம் இருந்தது. அதன் வாயிலில் பெயர்ப்பலகை இல்லை. உள்ளிருந்து பேச்சொலி எதுவும் வருவதும் இல்லை. ஊரார் அதற்கு ஊமை மாளிகை என்று பெயர் வைத்திருந்தார்கள்.

வாசகப் பெருந்தகையீர்! அந்த ஊமைத்தனம் எதனால் வந்தது என்று சொல்லுமுன், அந்த மலைக்கு நேர்ந்ததைச் சொல்லியாக வேண்டும். ஒரு காலத்தில் அங்கே வேங்கைகள் இருந்தன. அவை தம் போக்கில் மானை உண்டு, சுனையில் நீர் அருந்தி, குகையில் குட்டி ஈன்று, மாந்தர் இருக்கும் திசையில் தலைவைத்தும் படுக்காமல் வாழ்ந்தன. மாந்தரோ அவ்வாறு இருக்கவில்லை. வீரம் காட்ட ஒருவன் சுட்டான்; சுட்ட வேங்கையின் தலைமேல் கால்வைத்துப் படம் எடுத்துக்கொள்ள மற்றொருவன் சுட்டான்; தோலைக் கூடத்தில் விரிக்கவும் நகத்தைக் கழுத்தில் கோக்கவும் வேறு சிலர் சுட்டனர்; சுடத் தெரியாதவர் செத்த மாட்டின் உடலில் நஞ்சைத் தடவி வைத்துவிட்டு வீட்டில் போய்ப் படுத்துக்கொண்டனர். காட்டையே வெட்டி விற்றவர்கள், தாங்கள் ஓர் ஈ எறும்புக்குக்கூடத் தீங்கு நினைத்ததில்லை என்று நெஞ்சில் கைவைத்துச் சொன்னார்கள். கடைசி வேங்கை எந்த நாளில் செத்தது என்பது எவருக்கும் தெரியாது. அதுதான் கடைசி என்று எவரும் எண்ணியிருக்கவில்லை. அதன்பின் கேட்பாரற்றுப் பெருகிய மான்கள் முளைவிட்ட மரக்கன்றுகளையெல்லாம் மேய்ந்து தீர்த்தன, புதுமரம் எழாத சரிவுகளில் மண் கரைந்தது, ஊற்றுகள் வறண்டன, காட்டுப்பன்றிகள் வயலுக்குள் இறங்கின. பேரன்மார் காலத்தில்தான் அறிஞர்கள் கூடி, வேங்கை இல்லாமல் மலை பிழைக்காது என்றனர். கண் கெட்ட பிறகு கதிரவனை வணங்குவது நம் இனத்துக்கு நன்கு பழகிய வழிபாடுதானே!

மதில் சூழ்ந்த அந்த வளாகம் அதற்காக எழுந்த வளர்ப்பகம். தொலைவிலிருந்த வேறொரு காட்டில், கம்பிக் கண்ணியில் கழுத்து இறுகி இறந்த தாயின் மடியில், பால் வற்றிய முலையைச் சப்பிக்கொண்டிருந்த பெண்குட்டி ஒன்றை அங்கே கொண்டுவந்தார்கள். அதை வளர்த்து, வேட்டை பழக்கி, மலையில் விடவேண்டும்; முன்னரே விடப்பட்டுத் தன்னந்தனியே திரிந்துகொண்டிருந்த ஓர் ஆண் வேங்கைக்கு அது துணையாக வேண்டும். பல ஆண்டு உழைப்பும் பல பேருடைய நம்பிக்கையும் அந்தக் குட்டி ஒன்றின்மேல் வந்து நின்றன. இதற்கு முன் கொண்டுவந்த இரண்டு பெண்குட்டிகளும் பிழைக்கவில்லை.

வளர்ப்பகத்தின் தலைவர் ஒரு கால்நடை மருத்துவர்; சிரிப்பை எங்கோ மறந்து வைத்துவிட்டு வந்தவர் போன்ற முகம் உடையவர். அவர் வகுத்த கட்டுப்பாடு கடுமையானது. குட்டியிடம் செல்வோர் தலைமுதல் கால்வரை மண்நிற அங்கி அணிந்து, அதன்மேல் மான்சாணத்தையும் பச்சிலையையும் தேய்த்து, முகமூடிக்குள் முகத்தை மறைத்துக்கொள்ள வேண்டும். உணவைச் சுவரின் அடியிலுள்ள துளை வழியே தள்ளவேண்டும். உள்ளே எவரும் வாய் திறக்கக் கூடாது. இருமல் வந்தால் வெளியே ஓடவேண்டும். சொல்ல வேண்டியதைக் கையசைவால் சொல்லிக்கொள்ள வேண்டும். ஏனெனில், மனிதர் என்றால் உணவு, மனிதர் என்றால் அரவணைப்பு என்று கற்றுக்கொண்ட வேங்கை, வளர்ந்தபின் மனிதரைத் தேடி ஊருக்குள் வரும். வந்தால் ஊர் அதைக் கொன்றுவிடும். மனிதன் என்று ஒருவன் உலகில் இருப்பதே தெரியாமல் அது வளரவேண்டும் என்பது மருத்துவரின் எண்ணம். அந்தக் குட்டிக்கு அவ்வளவு நல்ல உலகத்தை அமைத்துக் கொடுக்க அவர் பாடுபட்டார்.

அப்படிப்பட்ட இடத்தில் காப்பாளர் வேலைக்கு வந்து சேர்ந்தவள்தான், பிறந்த வீட்டிலும் புகுந்த வீட்டிலும் வாயாடி என்றே அழைக்கப்பட்ட ஒருத்தி. தண்ணீர் பிடிக்கும் குழாயடியில் குடம் நிறைந்து வழிந்த பிறகும் பேச்சு நிறையாதவள். பேருந்தில் பக்கத்தில் அமர்ந்தவரின் குடும்பக்கதை முழுவதையும் இறங்குமிடம் வருவதற்குள் கேட்டுவிட்டுத் தன் கதையையும் சொல்லி முடிக்கக்கூடியவள். அவள் கணவர் தச்சர். வீட்டின் முன்பகுதியிலேயே பட்டறை வைத்து, நாற்காலியும் கதவும் செய்பவர். பேச்சு முழுவதையும் மனைவிக்கே எழுதிக்கொடுத்துவிட்டதுபோல் அமைதியானவர் என்றாலும், அவள் வேலைக்குச் சேர்ந்த அன்று அவரால் வாயை அடக்க முடியவில்லை.

"வாயை மூடிக்கிட்டு இருக்கிறதுக்குச் சம்பளமா? இது முன்னாடியே தெரிஞ்சிருந்தா நானே குடுத்திருப்பேனே!" என்றார்.

"அங்க மிச்சம் பிடிக்கிற பேச்சையெல்லாம் சாயங்காலம் வந்து உங்ககிட்டதான் பேசப்போறேன். காதைத் தீட்டி வைங்க," என்றாள் அவள்.

எல்லாரும் வியக்கும்படி அவள் அந்தக் கட்டுப்பாட்டைக் காத்தாள். மதிலுக்குள் நுழைந்ததும் உதடுகளைத் தாழிட்டுக்கொள்வாள். குட்டி தன் வாலைத் தானே துரத்தி விழும்போதும், தண்ணீரில் தன் நிழலைக் கண்டு திடுக்கிட்டுத் துள்ளும்போதும், முகமூடிக்குள் பொங்கும் சிரிப்பை விழுங்கிக்கொள்வாள். மாலையில் வீடு திரும்பியதும் அணை உடைந்ததுபோல் கொட்டித் தீர்ப்பாள். மரத்தை இழைத்தபடியே தச்சர் தலையாட்டிக்கொண்டிருப்பார்.

மழை விடாமல் பெய்த ஒரு பருவத்தில் குட்டி நோயுற்றது. உடல் அனலாய்க் கொதித்தது. உணவை முகர்ந்தும் பார்க்கவில்லை. வைக்கோல் மெத்தையின் மூலையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, விலா எலும்புகள் எழுந்து தாழக் கிடந்தது. மருத்துவர் ஊசி போட்டார்; பாலில் மருந்தைக் கலந்து வைத்தார்; அது நாவை நீட்டவில்லை. இனி அதன் கையில்தான் இருக்கிறது என்று கையசைவால் சொல்லிவிட்டு, தளர்ந்த நடையோடு வெளியேறினார். நண்பகலிலும் விளக்கேற்ற வேண்டியிருந்த அந்த மழையிருட்டில், அங்கி அணிந்தவளும் சாகக் கிடந்த குட்டியும் மட்டுமே அறைக்குள் இருந்தார்கள்.

அவள் நெடுநேரம் பொறுத்துப் பார்த்தாள். பிறகு, தாழிட்ட உதடுகள் தாமாகவே திறந்துகொண்டன.

"ஏண்டி கண்ணு, இப்படிப் படுத்துக்கிட்டா எப்படி? ஒரே ஒரு வாய் குடிம்மா. குடிச்சிட்டுத் தூங்கு. நான் எங்கேயும் போகல, இங்கதான் இருக்கேன்."

குட்டியின் காது ஒன்று அசைந்தது. அவள் மீண்டும் சொன்னாள். மூன்றாவது முறையும் சொன்னாள். அது தலையைத் தூக்கி, குரல் வந்த பக்கம் திரும்பி, நடுங்கும் கால்களை ஊன்றி வந்து, அவள் தள்ளிய கிண்ணத்தில் வாய் வைத்தது. நக்கி நக்கி அது பால் குடித்த ஓசையைக் கேட்டபடி, முகமூடிக்குள் கண்ணீரும் வேர்வையும் ஒன்றாய் வழிய அவள் அமர்ந்திருந்தாள். குட்டி பிழைத்தது. மருந்து வேலை செய்தது என்று மருத்துவர் மகிழ்ந்தார். அவளும் ஆமாம் என்று தலையாட்டினாள்.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் ஒருமுறை திறந்த மடையை மூடுவது அவ்வளவு எளிதா? அதன்பின் தனித்திருக்கும் வேளைகளிலெல்லாம் அவள் குட்டியோடு தாழ்ந்த குரலில் பேசினாள். கணவரின் குறட்டை, பக்கத்து வீட்டுச் சண்டை, மலையடிவாரச் சிற்றூரில் ஆடு வளர்க்கும் தங்கையின் பிடிவாதம், எல்லாவற்றையும் அந்தக் குட்டி கேட்டு வளர்ந்தது. தான் செய்வது தவறு என்று அவளுக்குத் தோன்றாமல் இல்லை. ஆனாலும் அவள் தனக்குத்தானே ஒரு வழக்காடி வென்றிருந்தாள். முகத்தைக் காட்டவில்லை, கையைக் காட்டவில்லை, மனித வாடை அதன் மூக்கை எட்டவில்லை. வெறும் குரல்தானே, காற்றோடு போவது, அது என்ன செய்துவிடும் என்று எண்ணினாள். விலங்கிடம் மனிதர் மறைக்க வேண்டியது முகமும் வாடையும்தான் என்று, வேடம் புனைந்து வேடம் புனைந்தே பழகிய கூட்டத்தார் அல்லாமல் வேறு யார் நம்புவார்கள்?

குட்டி வளர்ந்து பேரழகு மிக்க வேங்கையாயிற்று. பெரிய வேலிக்குள் மானைத் துரத்திப் பிடிக்கக் கற்றது. ஒருநாள் கூண்டு வண்டியில் ஏற்றி மலைக்குக் கொண்டுபோய்க் கதவைத் திறந்தார்கள். அது ஒருமுறை காற்றை முகர்ந்தது. பிறகு எரியும் புல் நகர்ந்ததுபோல் காட்டுக்குள் நுழைந்து மறைந்தது. எல்லாரும் ஒருவரையொருவர் தழுவிக்கொண்டார்கள். மருத்துவரும் சிரித்தார், அது அவர் முகத்துக்குப் பொருந்தாமல் சற்றுக் கோணலாக இருந்தது. வாயாடி வீட்டுக்கு வந்து, பெண்ணைக் கட்டிக்கொடுத்து அனுப்பியவள்போல அழுதுவிட்டு, மறுநாள் எழுந்து வழக்கம்போல் குழாயடிக்குப் போனாள்.

மழைக்காலம் ஒன்று போய் மற்றொன்று வந்தது. அடிவாரத்துச் சிற்றூரில், கடைசி வீட்டில் குடியிருந்த அவள் தங்கை, ஒரு மாலைப்பொழுதில் கல்வேலியருகே நின்று ஆடுகளைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். உடன்பிறந்த இருவருக்கும் முகம் வேறு, நிறம் வேறு, குரல் மட்டும் ஒன்றே. தொலைபேசியில் எடுத்துப் பேசுவது மனைவியா மைத்துனியா என்று தெரியாமல் தச்சரே பலமுறை தடுமாறியிருக்கிறார். "வாடி கண்ணு, வா வா" என்று தங்கை கூப்பிட்ட குரலுக்கு ஆடுகள் வந்தன. அவற்றின் பின்னால், புதரை விலக்கிக்கொண்டு வேங்கையும் வந்தது. ஆடுகள் சிதறி ஓடின. வேங்கை அவற்றைத் திரும்பியும் பார்க்கவில்லை. வேலிக்கு வெளியே பின்னங்கால்களை மடித்து அமர்ந்து, காதுகளை முன்னால் நிமிர்த்தி, அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. அவள் அச்சத்தில் உளறிக்கொண்டிருந்தவரைக்கும் அது அமர்ந்திருந்தது. அவள் குரல் அடைத்துப்போனதும், சற்றுநேரம் காத்திருந்துவிட்டு எழுந்து போயிற்று. மறுநாளும் வந்தது. அதற்கு மறுநாளும் வந்தது.

ஊர் கொதித்தெழுந்ததில் வியப்பில்லை. வேங்கை என்ற சொல்லையே பாட்டன் வாய்மொழியாகக் கேட்டிருந்த மக்கள் அவர்கள். அதோடு எப்படி அண்டை அயலாய் வாழ்வது என்ற அறிவு வேங்கையோடு சேர்ந்தே செத்துப்போயிருந்தது. வாசலில் குழந்தையை விட முடியவில்லை. மாலையில் கதவைத் திறக்க முடியவில்லை. "இன்னைக்கு உக்காந்து பாக்குது, நாளைக்குத் தூக்கிட்டுப் போகும்" என்றார்கள். அவர்களைக் குறைசொல்ல நமக்கு வாயில்லை. கதவின் அந்தப் பக்கம் நம் குழந்தை இல்லை. இன்னும் ஒருமுறை அது ஊரெல்லைக்குள் வந்தால் சுட்டுவிடுவது என்று அதிகாரிகள் முடிவெடுத்து, துப்பாக்கிக்காரர் ஒருவரையும் அனுப்பிவைத்தார்கள்.

தங்கை தொலைபேசியில் நடந்ததைச் சொல்லக் கேட்ட வாயாடி, பேசியைக் கையில் பிடித்தபடியே சுவரோரமாகச் சரிந்து அமர்ந்தாள். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கோ இவள் வாயால் வேறோர் உயிர் கெட இருந்தது. அன்றே அவள் மருத்துவரின் அறைக்குச் சென்றாள். மேசைமேல் மலையின் வரைபடம் விரிந்திருந்தது. அதில் அந்தச் சிற்றூர் இருந்த இடத்தில் விரலை ஊன்றியபடி, ஏன் வருகிறது, ஏன் வருகிறது என்று அவர் தமக்குள்ளேயே கேட்டுக்கொண்டிருந்தார்.

"அது என்னைத் தேடித்தான் சார் வருது," என்றாள் அவள்.

எல்லாவற்றையும் சொன்னாள். மழைநாளைச் சொன்னாள், பாலைச் சொன்னாள், அதன்பின் பேசிய பேச்சையெல்லாம் சொன்னாள், தங்கைக்கும் தனக்கும் குரல் ஒன்றே என்பதையும் சொன்னாள். மருத்துவர் கத்தவில்லை. கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"நான் அது எதிர்ல தும்மினதுகூட இல்லம்மா," என்றார் கடைசியில்.

"தப்புதான் சார். ஆனா நான் பேசலன்னா அன்னைக்கே செத்திருக்கும்."

"தெரியும். அதனாலதான் உங்களைத் திட்டக்கூட முடியல."

பிடித்துக் கொண்டுவந்து கூண்டில் அடைத்துவிடலாமே என்று அவள் கேட்டாள். மலையைச் சுவைத்துவிட்ட வேங்கைக்குக் கூண்டு எத்தனை நாள் உயிர்தரும் என்று அவர் திருப்பிக் கேட்டார். ஒரே ஒரு வழிதான் இருக்கிறது என்றும், அது அவளால் மட்டுமே முடியும் என்றும் சொன்னார்.

"அதுக்கு உங்க குரல்னா அம்மா. இனிமே உங்க குரல்னா வலின்னு ஆகணும். நீங்க கூப்பிடணும். அது வரும். உங்க தங்கச்சி வீட்டு மாடியிலேர்ந்து ஆளுங்க ரப்பர் குண்டால சுடுவாங்க, சாகாது, வலிக்கும். வலிக்கிற நேரத்துல நீங்க பேச்சை நிறுத்தக் கூடாது. நிறுத்திட்டீங்கன்னா, வலி வேற, குரல் வேறன்னு அது பிரிச்சுக்கும். திரும்ப வரும். வந்தா அதிகாரிங்க அனுப்பின துப்பாக்கிக்காரர் நிஜக் குண்டால சுட்டுடுவார்."

"என்ன பேசணும்?"

"அன்னைக்கு என்ன பேசினீங்களோ, அதையேதான். அதே மாதிரிதான்."

அவள் மேசைமேல் இருந்த வரைபடத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சரி என்றாள்.

மாலைக் கதிரவன் மலைமுகட்டைத் தொட்டுச் சிவந்த நேரத்தில், சிற்றூரின் எல்லாக் கதவுகளும் அடைபட்டன. தங்கை வீட்டு முற்றத்தில் ஒரு முக்காலி போட்டு வாயாடியை அமரவைத்தார்கள். அங்கி இல்லை, முகமூடி இல்லை, சாணம் இல்லை. வீட்டில் உடுத்தும் சேலையோடு, மனித வாடை முழுவதும் காற்றில் கலக்கும்படி அமர்ந்திருந்தாள். மாடியில் ரப்பர் குண்டு ஏந்திய இருவரும், அவர்களருகே உயிர்கொல்லும் மெய்க்குண்டு ஏந்திய ஒருவரும், மருத்துவரும் குனிந்திருந்தார்கள். தச்சர் கூடவே வந்திருந்தார். உள்ளே போகச் சொன்னபோது மறுத்து, கதவின் பின்னால் நின்றுகொண்டார்.

ஊற்றுப்போல் பேசிவந்தவளுக்கு அன்று ஒரு சொல்லும் வரவில்லை. சன்னலுக்குள்ளிருந்து தங்கை மெல்ல, "பேசுக்கா... பேசினாத்தான் அது பொழைக்கும்" என்றாள். அவள் கண்களை மூடிக்கொண்டாள்.

"ஏண்டி கண்ணு... எங்க இருக்கே? ஒரு வாய் குடிச்சிட்டுத் தூங்குவியாம், வா. நான் எங்கேயும் போகல. இங்கதான் இருக்கேன்."

கண்ணைத் திறந்தபோது அது வேலிக்கு வெளியே அமர்ந்திருந்தது. முகமூடியின் பிளவு வழியே துண்டுதுண்டாகவே இதுவரை பார்த்திருந்த உருவத்தை அன்றுதான் அவள் முழுமையாய்க் கண்டாள். தோள்கள் அகன்று, கழுத்துத் திரண்டு, மேனி முழுவதும் அந்தி ஒளி படர்ந்திருந்தது. அவள் நினைத்திருந்ததைவிட அது மிகப் பெரியது. ஆனால் காதுகளை நிமிர்த்தித் தலையைச் சற்றே சாய்த்துக் கேட்ட விதம் மட்டும் மாறவில்லை.

அவள் பேசிக்கொண்டே இருந்தாள். முதற்குண்டு விலாவில் பட்டது. அது அலறித் துள்ளிச் சுற்றுமுற்றும் பார்த்தது. எங்கிருந்து வந்தது என்று அதற்குத் தெரியவில்லை. இரண்டாவது தொடையில் பட்டது. "ஒரு வாய் குடிம்மா" என்று அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள், கண்ணீர் வாய்க்குள் இறங்கியது, நிறுத்தவில்லை. மூன்றாவது குண்டு பட்டபோது வேங்கை ஓடத்தொடங்கியது.

ஆனால் அது காட்டை நோக்கி ஓடவில்லை. கல்வேலியைத் தாண்டி முற்றத்துக்குள் குதித்து, நேரே அவளிடம் வந்தது. அவள் முக்காலிக்கும் சுவருக்கும் நடுவே இருந்த இடுக்கில் தன் பேருடலைத் திணித்துக்கொண்டு, வயிறு தரையில் பட ஒடுங்கி, நடுநடுங்கியபடி, அவள் முழங்காலோரம் முகத்தைப் புதைத்துக்கொண்டது. உலகம் அடிக்கும்போது அடைக்கலம் புக அதற்கு இருந்த ஒரே இடம் அதுதான்.

மாடியில் மெய்க்குண்டுக்காரர் துப்பாக்கியைத் தோளில் ஏற்றிக் குறிபார்த்தார். ஒரு நொடி பொறுங்கள் என்று மருத்துவர் கைநீட்டித் தடுத்தார். அந்த ஒரு நொடிதான் அவளுக்குக் கிடைத்தது. அதன் மூச்சுக்காற்று புறங்காலில் சுடச்சுடப் பட்டுக்கொண்டிருந்தது. தொட்டுவிடலாம், அத்தனை நாள் தொடாத நெற்றி, கையெட்டும் தொலைவில் இருந்தது. அவள் கையை நீட்டி, சுவரில் சாய்த்து வைத்திருந்த ஆட்டுக்கோலை எடுத்தாள்.

அடிக்கிற கைதான் அணைக்கும் என்பது பழமொழி. அணைக்க நீண்ட கை அடித்தாக வேண்டிய வேளைக்கு நம் முன்னோர் மொழி எதுவும் சொல்லி வைக்கவில்லை. "என் கண்ணுல்ல, ஒரு வாய் குடிம்மா" என்று சொல்லிக்கொண்டே அவள் அதன் முகத்தில் ஓங்கி அடித்தாள். அது கண்களை மூடிக்கொண்டது, நகரவில்லை. தன் தவறு என்னவென்று தெரியாத குழந்தை அடுத்த அடிக்குக் காத்திருப்பதுபோல் காத்திருந்தது. "நான் எங்கேயும் போகல" என்று சொல்லி மீண்டும் அடித்தாள். "இங்கதான் இருக்கேன்" என்று சொல்லி, மூக்கின்மேல், குருதி கசியும்படி அடித்தாள். அப்போது வேங்கை கண்ணைத் திறந்து, அவளை, அந்தக் குரலுக்குரிய முகத்தை, ஏறெடுத்துப் பார்த்தது. காதுகள் பின்னால் மடிந்தன. உதடு சுருண்டு பற்கள் வெளிப்பட்டன. அவளை நோக்கி அது உறுமிய முதல் உறுமல் அதுவே. பிறகு ஒரே தாவலில் வேலியைக் கடந்து, புதரைக் கிழித்துக்கொண்டு, மலையேறி மறைந்தது.

அது போன பின்னும் வெறும் வெளியைப் பார்த்து அவள் அதே சொற்களைச் சொல்லிக்கொண்டிருந்தாள். கதவைத் திறந்துகொண்டு ஓடிவந்த தச்சர், இறுகிப்போன விரல்களைப் பிரித்துக் கோலை வாங்கி, "போயிடுச்சும்மா, போதும், போயிடுச்சு" என்று அவளைத் தோளோடு சாய்த்துக்கொண்டார். மருத்துவர் மாடிப்படியிலேயே அமர்ந்துவிட்டார். ஊர்க்கதவுகள் மெல்லத் திறந்தன. யாரும் ஆரவாரம் செய்யவில்லை.

வேங்கை அதன்பின் அந்த ஊர்ப்பக்கம் வரவில்லை. கட்டுப்பாட்டை மீறியதற்காக அவளை வளர்ப்பகத்திலிருந்து நீக்கினார்கள். அவளும் அதை முறைதான் என்று ஏற்றுக்கொண்டாள். வீட்டில் இருந்தாள், சமைத்தாள், துவைத்தாள், பட்டறையைக் கூட்டினாள், பேசவில்லை. குழாயடியில் அவள் முறை வந்ததும் குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவாள். "உன் பேச்சு இல்லாம எனக்கு உளிகூட ஓட மாட்டேங்குது. ஏதாவது சொல்லேன். என்னைத் திட்டவாவது செய்யேன்" என்று தச்சர் கெஞ்சிப் பார்த்தார். அவள் புன்னகைத்துவிட்டு மரத்தூளை அள்ளிக்கொண்டு போனாள். எந்தச் சொல் எவரைக் காயப்படுத்தும் என்று அறியாத வரையில்தான் மனிதரால் தாராளமாகப் பேச முடிகிறது.

ஓராண்டு கழிந்து ஒருநாள் காலையில் மருத்துவர் பட்டறைக்கு வந்தார். கையில் ஒரு சிறிய ஒலிப்பதிவுக் கருவி இருந்தது. வேங்கை குட்டி ஈன்றிருக்கிறது என்றார். மலையின் மறுசரிவில், குட்டிகளை வாயில் கவ்விக்கொண்டு போனதைக் காவலர்கள் தொலைவிலிருந்து பார்த்தார்கள் என்றார். அவள் முகம் மலர்ந்ததையும், மலர்ந்தது உடனே அடங்கியதையும் பார்த்துவிட்டுத் தயங்கித் தயங்கி மீதியைச் சொன்னார். மறுசரிவிலும் ஊர்கள் இருக்கின்றன. குட்டிகளோடு அது அங்கே இறங்கிவிடக் கூடாது.

"உங்க குரல் கேட்டா மட்டும்தான் அது திரும்பி ஓடும். பதிவு பண்ணிக் குடுத்தீங்கன்னா, ஊர் எல்லையில எல்லாம் ஒலிபெருக்கி வெச்சு, சாயங்காலத்துல போட்டுடலாம். அது ஓடினா குட்டிங்களும் கூடவே ஓடும். அப்படியே அதுங்களும் கத்துக்கும்."

"அதே பேச்சுதானா?" என்றாள். அன்று அவள் பேசிய முதற்சொல் அது.

"அதேதான்."

தச்சர் இழைப்புளியைக் கீழே வைத்தார். மரத்தூள் அடங்கிய அந்த அமைதியில், அவள் கருவியின் முன்னே அமர்ந்து, நோயில் கிடக்கும் பிள்ளையைத் தட்டிக்கொடுக்கும் குரலில், முதற்சொல்லிலிருந்து கடைசிச்சொல் வரை பிசகாமல் சொல்லி முடித்தாள். இத்தனை ஆண்டுகள் உடன்வாழ்ந்தும் இப்படியொரு குரல் அவளுக்குள் இருந்ததை அறியாத தச்சர், முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்களைத் துடைத்தார். மருத்துவர் கருவியை எடுத்துக்கொண்டு போனார்.

அன்றுமுதல் பொழுது சாயும் நேரத்தில் அந்த மலையைச் சூழ்ந்த ஊர்களிலெல்லாம் ஒரு தாயின் குரல் கம்பங்களிலிருந்து எழுந்து காட்டுக்குள் பரவுகிறது. அதைக் கேட்டதும், எங்கோ பாறைமறைவில் படுத்திருக்கும் வேங்கை மயிர் சிலிர்க்க எழுந்து, குட்டிகளை முன்னே விரட்டிக்கொண்டு மேலே மேலே ஏறிப்போகிறது. தங்கை நாள்தோறும் தொலைபேசியில் கூப்பிடுகிறாள். "இன்னைக்கும் வரலக்கா" என்கிறாள். "நல்லது" என்கிறாள் அக்காள். வேறொன்றும் பேசுவதற்கில்லை.

பெருந்தகையீர், அந்தக் குரல் பொய் சொல்லவில்லை. அது அழைத்ததெல்லாம் மெய்யான அன்பினால்தான். அந்த அன்புக்குச் செவிசாய்த்தால் சாவு வரும் என்ற உலகத்தை அவள் அமைக்கவில்லை, வேங்கையும் அமைக்கவில்லை. அதை அமைத்தவர்கள், தோல்விரித்த கூடங்களிலும் மரம்விற்ற மாளிகைகளிலும் வாழ்ந்து, நிறைந்த வயதில், நன்மக்கள் சூழ மறைந்துபோனார்கள். அவர்கள் விட்டுச்சென்றதைத் துடைக்க ஒருத்தி தன் நெஞ்சின் இனிய சொற்களையெல்லாம் கோலாக்கி ஓங்கவேண்டியிருந்தது. மலையில் மீண்டும் வேங்கைகள் இருக்கின்றன. சரிவுகளில் இளமரங்கள் எழத் தொடங்கிவிட்டன. நம் குரல் எத்துணை இனியதாயினும் அதைக் கேட்ட மாத்திரத்தில் அவை அஞ்சி ஓடுகின்றன. வாழிய அவ்வச்சம், அதனினும் நல்லதொன்றை அவற்றுக்குக் கொடுக்க நம்மிடம் இன்னும் இல்லை.